ஒளிவட்டக்காரருக்கு ஒரு மகஜர்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் விற்கும் கடவுள்களுக்கு ஒளிவட்டம் சீனாவிலிருந்து வருகிறது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாகச் சுழலுமே, அந்த மின்விளக்குத் தட்டைத்தான் சொல்கிறேன். என் பூசைச் சாமான் கடையில் காலையில் முதல் வேலை, புதுப் பெட்டியை உடைத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது. முருகனுக்கும் மாதாவுக்கும் ஒரே தட்டுத்தான். கடவுளே இல்லை என்று சொல்லும் கட்சி ஆளுகிற நாட்டிலிருந்து எங்கள் கடவுள்களுக்குப் பிரகாசம் வருவது பற்றி எந்த வாடிக்கையாளரும் இதுவரை கவலைப்பட்டதில்லை. எத்தனை மாதம் உத்தரவாதம் என்று மட்டும் கேட்பார்கள்.

இவற்றை நான் பாரிஸ் புறநகரான ஒபவில்லியேயில் மொத்த வியாபாரம் செய்யும் லின் என்ற சீனப் பெண்மணியிடம் வாங்குகிறேன். செய்து அனுப்புவது அவருடைய தம்பி வெய். சீனாவில் ஒரு சிறு நகரத்தில் அவருக்குத் தொழிற்சாலை இருக்கிறது. லின்னின் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் ஒரே அளவுக்கு மோசம் என்பதால் எங்களுக்குள் பேச்சில் சிக்கல் வருவதில்லை.

எங்கள் வர்த்தகர் சங்கத் தலைவர் சிவராசா அண்ணை இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். இப்போது கார்ஜ் என்ற பாரிஸ் புறநகரில் இரண்டு வீடு வைத்திருக்கிறார். கம்யூனிசம் போய்விட்டது, சீனப் பக்தி மட்டும் தங்கிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் அவர் வாயைத் திறந்தால் பீஜிங்தான்.

“பத்து நாளிலை ஆஸ்பத்திரி கட்டினவங்கள், தெரியுமோ? இஞ்சை ஸ்டேசனிலை எஸ்கலேற்றர் நிண்டு எத்தினை மாசம்? அரசாங்கம் எண்டால் பிடரியிலை பிடிச்சு வேலை வாங்கவேணும்!”

அதே அண்ணைக்கு பிரெஞ்சு வரித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், அரசாங்கம் மனிசரை நிம்மதியாக இருக்க விடுகுதில்லை என்று தெருவெல்லாம் கேட்கக் கத்துவார். பிடரி எவனுடையது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒருநாள் லின்னிடம், உங்கள் அரசாங்கம் அருமையான அரசாங்கம் என்றேன். புகழ்ந்தால் மகிழ்வார் என்று நினைப்பு. அவர் பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டுவதை நிறுத்தாமலே கதையைச் சொன்னார். நகராட்சி தம்பிக்கு நிலம் கொடுத்தது. மின்சாரம் சலுகையில் வந்தது. தொழிற்சாலைக்குள் கட்சிக்கு ஓர் அறை ஒதுக்கினார், கொடியும் வைத்தார். பிறகு ஒருநாள் அதிகாரிகள் வந்து, விளக்குக்கு எதிர்காலம் இல்லை, இனிமேல் பற்றரி செய் என்றார்கள். வெய்க்குப் பற்றரி பற்றி எதுவும் தெரியாது. பக்கத்தில் செருப்புத் தைத்தவருக்கும் அதே உத்தரவு. ஊர் முழுக்கப் பற்றரி செய்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. இப்போது நகராட்சியின் முதலீட்டுக் கம்பனி வந்து, உன்னைக் காப்பாற்றுகிறோம், பாதிக்கு மேல் எங்களுக்கு எழுது என்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. அப்பா செத்துப்போன பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர் கொடுக்கப் பார்ப்பார். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்போம். எங்கள் அரசாங்கத்துக்குப் பற்றரி வைத்திருந்தால் குற்றம், லின்னின் அரசாங்கத்துக்குப் பற்றரி செய்யாவிட்டால் குற்றம். இரண்டுமே நாட்டு நன்மைக்குத்தான்.

வெய் பாரிஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் செய்த பிழை, அதைச் சிவராசா அண்ணையிடம் உளறியது. தொழிற்சாலைக்குள் கட்சி அறை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணை எழும்பியே விட்டார்.

“அப்ப அவர் அரசாங்க ஆள்!”

“இல்லை அண்ணை, தனி முதலாளி. எங்களை மாதிரி.”

“விசர்க் கதை கதையாதையும். சீனாவிலை எல்லாமே அரசாங்கம். அப்ப அவரும் அரசாங்கம்தானே?”

நான் மேலும் வாதாடியிருக்கலாம். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் என் மூலமாக வருகிறார் என்ற பெயர் எனக்கும் இனித்தது. வாடிக்கையாளர்களோடு மதியச் சாப்பாடு என்று சொல்லி வெய்யை ஓர் உணவகத்தின் பின் மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். கோட்டுப் போட்ட எவரைக் கண்டாலும் எங்கள் சனம் இரண்டு காரியம் செய்யும். பொன்னாடை போர்த்தும், மகஜர் என்று ஒரு கோரிக்கை மனுக் கொடுக்கும். ஐ.நா. அதிகாரி முதல் நகரசபை உறுப்பினர் வரை யாரும் தப்பியதில்லை. ஈழத்தமிழர் பிரச்சினையில் சீனா தலையிட வேண்டும் என்ற ஆறு பக்க மகஜரை, சாமிப்படத்துக்கு விளக்குத் தட்டுச் செய்கிற மனிதர் இரண்டு கையாலும் வாங்கினார். விலைப்பட்டியல் என்று நினைத்திருப்பார். கமெராக்கள் மின்னின. அன்று பின்னேரமே பேஸ்புக்கில் படம் வந்தது: “சீன அரசின் பிரதிநிதியிடம் மகஜர் கையளிப்பு.”

மறுநாள் காலையில் லின் கடைக்கு வந்தார். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் லா சப்பலுக்கு வந்தது அன்றுதான். ஒபவில்லியே வியாபாரி ஒருவர் அனுப்பிய அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினார்.

“என் தம்பி யாருடைய பிரதிநிதி, முசியே? அங்கே யாராவது பார்த்தால், உன்னை யார் நியமித்தார்கள், என்ன காகிதம் வாங்கினாய் என்று கேட்பார்கள். பாதி போதாது, முழுவதையும் எடுத்துக்கொண்டு அவனையும் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்கு மனைவி அங்கே, மகள் அங்கே. அவன் திரும்பிப் போகவேண்டும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே சிவராசா அண்ணையிடம் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன்.

“எடுக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்? எவ்வளவு பேர் லைக் போட்டிருக்கினம் பாரும்.”

“அண்ணை, சண்டை நடந்த காலத்திலை ஊர்வலத்துக்கு வந்த நாங்கள் கமெராவைக் கண்டால் என்ன செய்தனாங்கள்?”

அப்போது எனக்கு அம்மா வன்னியில் இருந்தார். அண்ணைக்குத் தமக்கை கொழும்பில். பாரிஸ் றிப்பப்ளிக் சதுக்கத்தில் மழையே இல்லாத நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நீதி கேட்டோம். படத்தில் முகம் விழுந்தால் அங்கே கதவு தட்டப்படும் என்பது எங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டாத பாடம். அதைப் படித்தவர்கள்தான் இன்னொருவனை நடுவில் நிறுத்தி வெளிச்சம் போட்டுப் படம் எடுத்தோம்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை அழித்தார். பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவாகக் கெஞ்சினார். எல்லாம் போய்விட்டதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நான் இருப்பது கூசேன்வில்லில், றுவாசி விமான நிலையம் பக்கம். அதனால் வெய்யை றுவாசிக்கு நானே கூட்டிப்போனேன். இங்கேயே நின்றுவிடலாமே என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டேன். மகளின் படத்தைக் காட்டினார், அவ்வளவுதான். பொன்னாடையையும் மகஜரையும் ஒரு பையில் போட்டு என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து கைபேசியிலிருந்த பாரிஸை அழிக்கத் தொடங்கினார். மண்டபம், சாப்பாடு, அக்காவின் கடை. கடைசியாக என் கடை வாசலில் நானும் அவரும் நிற்கும் படம். என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்துவிட்டு அதையும் அழித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. இருந்தும் கொழும்புக்குப் பறக்கும் ஒவ்வொரு முறையும் இதே கூடத்தில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் அழிக்கிறேன். ஊர்வலம், கூட்டம், பின்சுவரில் ஈழ வரைபடம் தொங்கிய பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி விழா எல்லாம் போகும். திரும்பி வரும்போது ஊர்ப் படங்களை மட்டும் அழிப்பதில்லை. அவற்றை இங்கே யாரும் தேடிப் பார்ப்பதில்லை, என் பிள்ளைகள்கூட.