ஆரோக்கியசாமியின் 2.2 லிட்டர்

மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை நான் முதன்முதலாக ஒரு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவினாசி ரோட்டில் ஒரு நூற்பாலை, தன் தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதிக்க எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது.

ஆழமாக இழுத்து, ஒரே மூச்சாகக் குழாயில் ஊத வேண்டும். உள்ளே துருத்தி உப்பும், பேனா சார்ட்டில் கோடு போடும். முதல் செகண்டில் எத்தனை லிட்டர் காற்று வந்தது என்பதுதான் கணக்கு. தினமும் காலையில் மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளி, பேனா சரியாக மூன்றில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

லேபர் ஆபீசர் வந்தவுடனே சொல்லிவிட்டார்: "ரெண்டு லிட்டருக்குக் கீழ வந்தா அன்ஃபிட்டுங்க. அப்புறம் அவங்களை வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது?" மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நூல் அறுந்துவிடக் கூடாதென்று ஈரக்காற்று பிளான்ட் வைத்திருந்த மில் அது. பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் நிற்கும் தூசியை அது இறக்கிவிடுமாம்.

ஆரோக்கியசாமி கருமத்தம்பட்டிக்காரர். பஞ்சுப் பொதியை உடைத்துப்போடும் புளோ ரூமில் பதினெட்டு வருஷம். மில்லிலேயே தூசி அதிகமான இடம் அது. மூன்று தடவை ஊதினார்.

"ஏனுங் அம்மணி, எத்தனைங்?"

"ஒண்ணரைங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "பக்கத்து மில்லுல கம்மியா ஊதுனவங்களை நிறுத்திப்போட்டாங்க. ஊட்டுல நான் ஒருத்தன்தானுங் சம்பாரிக்கிறது. இன்னொருக்கா ஊதறனுங்."

என் பையில், மூச்சுக்குழாயை விரிக்கும் ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தது. இரண்டு பஃப் கொடுத்து, இருபது நிமிஷம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னேன். 2.2 வந்தது. முதல் சார்ட்டைக் கிழித்தேன். புதிய சார்ட்டில், மருந்துக்கு முன்னா பின்னா என்று குறிக்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் கும்பிட்டார். ஏதோ புண்ணியம் செய்த நினைப்பில் பஸ் ஏறினேன்.

ஆறு வருஷம் கழித்து அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. மில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. தூசியால் வந்த நோய் என்று நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். விசாரணையில் மில் தரப்பு என் சார்ட்டை எடுத்து வைத்தது. பதினெட்டு வருஷம் தூசியில் இருந்தும் நுரையீரல் நன்றாகத்தானே இருந்தது, பிறகு வந்த நோய்க்கு மில் தூசி எப்படிக் காரணம் என்றார்கள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று கேட்டார் விசாரித்த டாக்டர்.

"ஆமா சார்."

"மருந்து எதுவும் குடுத்துட்டு எடுத்தீங்களா?"

அப்போது நான் சீனியர் டெக்னீஷியன். ஒரு சார்ட் பொய் என்றால் என் சார்ட் எல்லாமே பொய்யாகிவிடும், வேலையும் போய்விடும். "இல்லை சார்" என்றேன். எதிர் பெஞ்சில் இருந்த ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும், "உடுங் அம்மணி, உங்க வேலையாச்சும் நிக்கட்டும்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கியது.

அவர் மனைவி சவேரியம்மாள் விடவில்லை. "இவருக்கு நல்லது பண்றேன்னு அன்னிக்கு எழுதுனீங்க, சரிங்க. இன்னிக்கு யாருக்கு நல்லது பண்ணிப்போட்டு வாரீங்க?"

அடுத்த மழைக்காலத்தில் ஆரோக்கியசாமி இறந்துபோனார். துக்கத்துக்குப் போக எனக்கு முகமில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இரக்கம் வந்தால் ஒண்ணரை என்றே எழுதிவிட்டு, அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பாதே என்று லேபர் ஆபீசரிடம் சண்டைக்குப் போங்கள். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் நான் இன்ஹேலரை எடுத்தேன். அதை இரக்கம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.