மகளுக்கு அளவான துவக்கு

நான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியதும் அப்படித்தான், கொட்டுகிற பனியில் கார் ஓட்டப் பழகியதும் அப்படித்தான். மகளுக்குத் துவக்கு வாங்குவது என்று எடுத்த முடிவை மட்டும் ஒருவர் மறித்துக்கொண்டு நின்றார். வேறு யார், என் கணவர்தான்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பிள்ளை, துவக்கால் குறி பார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை அவளோடு தொற்றிக்கொண்டு போன என் மகள், வரும்போது வேறு ஆளாக வந்தாள். பியானோவைப் பாதியில் விட்டவள், நீச்சலை விட்டவள், நடன வகுப்பில் அரைமண்டி இருக்கச் சொன்னால் முழங்கால் நோகிறது என்று அழுதவள், இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகினாள். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை கெட்டிக்காரி. நடுவட்டத்தில் ஓட்டை விழுந்த கடதாசி ஒன்றைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து பால் எடுக்கப் போன அவர், அதைப் பார்த்துவிட்டுப் பால் எடுக்காமலே திரும்பினார்.

கிளப்பில் பழகுவதற்கு இரவல் துவக்கு கொடுப்பார்கள். போட்டிக் குழுவில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துவக்கு இருக்க வேண்டும். வசந்தகாலத்துக்குள் வாங்காவிட்டால் மகளுக்கு இந்த வருடம் இடமில்லை.

“என்ர வீட்டுக்குள்ள துவக்கு வராது,” என்றார் அவர்.

“இது விளையாட்டு,” என்றேன் நான். “இஞ்ச எத்தினை பிள்ளையள் செய்யினம்.”

“உமக்கு விளங்காது.”

இந்த ‘உமக்கு விளங்காது’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது சின்னப் பிள்ளை. வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். அவர் யுத்தம் எல்லாம் முடிந்த பிறகு, வளர்ந்த ஆளாக வந்தவர். அங்கே என்ன பார்த்தார் என்று கலியாணம் முடித்த புதிதில் கேட்டேன். “பேந்து சொல்லுறன்,” என்றார். அந்தப் பேந்து வரவே இல்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் துவக்கு விஷயத்தை விட்டேனா? சட்டப்படி துவக்கு பெரியவர் ஒருவரின் பெயரில்தான் இருக்க வேண்டும். சரி, என் பெயரிலேயே இருக்கட்டும் என்று பாதுகாப்பு வகுப்பில் போய்க் குந்தினேன். சுற்றிவர மான் வேட்டைக்காரர். தமிழ்ப் பொம்பிளை நான் ஒருத்திதான். குண்டு இல்லாத துவக்கையும் குண்டு இருக்கிறது என்றே நினைக்க வேண்டும், சுடும் நேரம் வரும்வரை விரலை விசையில் வைக்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துப் பழகினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சையில் பாஸ் பண்ணினேன், லைசென்ஸும் வந்தது.

எப்படிப்பட்ட துவக்கு என்பதையும் நானே வாசித்து முடிவு செய்துவிட்டேன். குண்டு மிகச் சின்னதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தோளில் உதைக்காது, காதைப் பிளக்கும் சத்தமும் வராது, பழகுகிற பிள்ளை பயத்தில் கண்ணை மூடாது. ஒவ்வொரு முறையும் கையால் திறந்து ஒரு குண்டு போட்டு மூடுகிற வகைதான் நல்லது. அவசரக்குடுக்கை கூட ஆறுதலாகச் சுடும். தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடி இப்போதைக்கு வேண்டாம், முதலில் வெறுங்கண்ணால் குறி பார்க்கப் பழகட்டும். இதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. கடைக்காரரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கடைக்குப் போகிற அன்று, சம்மதம் சொல்லாமலே, அவர்தான் கார் ஓட்டினார். “கொண்டுபோய் விடுறன். உள்ள வரமாட்டன்,” என்றார். அதுவே பெரிய காரியம் என்று நான் ஏறிக் குந்தினேன்.

தாடி வைத்த கடைக்காரர் ‘பொன்ஜூர்’ சொல்லி, நான் கேட்ட மாதிரியே இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று பெரிய ஆட்களின் அளவு, மற்றது சிறுவர்களுக்கான கட்டையான துவக்கு. நான் யோசிக்கவே இல்லை, பெரியதைக் காட்டினேன். வேறு என்ன செய்வேன்? எங்கள் வீடுகளில் யாராவது பிள்ளைக்கு அளவாக ஏதும் வாங்கியது உண்டா? சப்பாத்து ஒரு சைஸ் கூட, முன்னுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுப்போம். குளிர் ஜாக்கெட் என்றால் கையை மடித்துவிடுவோம். நடன உடுப்புத் தைத்தால் உள்ளே மடிப்பு விட்டுத் தைப்போம். வளர்கிற பிள்ளை! அடுத்த வருடம் நெடுநெடு என்று வளர்ந்து நிற்பாள், அப்போது இன்னொன்றா வாங்குவது?

கடைக்காரர் தயங்கினார். பெரிதாக இருக்குமே மதாம் என்றார். வளருவாள் என்று அடித்துச் சொன்னேன். மகளும், எங்கே இந்தச் சந்தர்ப்பமும் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில், “இது ஓகே அம்மா, இதே காணும்,” என்று துவக்கைத் தோளில் வைத்துச் சுவரில் இருந்த வட்டத்தைக் குறி பார்த்தாள்.

அந்த நேரம் கதவு திறந்தது. இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்க வேண்டும். என் கணவர் கதவடியிலேயே நின்றார். நான் ஒரு சண்டைக்குத் தயாரானேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வயிற்றை முன்னுக்குத் தள்ளி, பின்பக்கம் சாய்ந்து, கழுத்தை எட்டி நீட்டி, கை நடுங்க நடுங்க நின்ற மகளைத்தான் பார்த்தார். நேரே வந்தார். துவக்கை வாங்கித் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று தன் கண்ணால் பார்த்தார். வகுப்பில் எனக்கு வாரக்கணக்கில் படிந்த பழக்கம் அவருக்கு ஒரு நொடியில் வந்தது. பிறகு மகளின் கையை மடக்கி, துவக்கின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தார்.

“பாரும். இவளின்ர விரல் விசைக்கு எட்டேல்லை. சோங்கு நீளம்.”

சோங்கு! தோளில் முட்டுக்கொடுக்கும் அந்தக் கட்டைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது.

மேசையில் கிடந்த சின்னதை எடுத்து அதேபோல் வைத்தார். விரல் அளவாகப் போய்ப் படிந்தது. மகள் நேராக நின்றாள், கையும் நடுங்கவில்லை. பிள்ளை வளர வளர அடியில் தகடு சேர்த்து நீட்டலாம் என்று கடைக்காரர் தகடுகளை எடுத்துக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

“அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று மகள் கேட்டாள்.

இந்த முறை அவர் ‘பேந்து’ என்று சொல்லவில்லை.

“என்னோட படிச்ச ஒரு பொடியன். அப்ப அவனுக்கு உன்ர வயசுதான். சண்டைக்கெண்டு அவனுக்குத் துவக்குக் குடுத்தவை ஒருத்தரும் அளவு பாக்கேல்லை. தோளில கொழுவிக்கொண்டு நடந்தா சோங்கு காலில அடிபடும். நாங்கள் பகிடி பண்ணினம்.”

“வளர்ந்தாப் பிறகு சரி வந்ததா?”

“அவன் வளரேல்லை, பிள்ளை.”

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துவக்கை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, “எனக்கு வேண்டாம் அப்பா,” என்றாள்.

அவர் அதை எடுத்து மறுபடியும் அவள் கையில் கொடுத்தார். “நீ விரும்பிக் கேட்டது. அவனை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “லைசென்ஸை எடும்.”