உச்சிவெயிலில் அறுந்த அழைப்பு

கல்முனையில் நான் நடத்திய இணையக் கடைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் மேலேதான் பார்ப்பார்கள். கடை முழுவதற்கும் இணைப்புக் கொடுக்கும் பெரிய கணினி, கூரைத் தகரத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் அடித்த பலகைத் தட்டில் இருந்தது. "என்ன, கொம்பியூட்டர முகட்டில ஏத்தி வெச்சிரிக்கீங்க?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கடல் வந்து போன பிறகு எங்கள் கரையில் எல்லாருமே எதையாவது உயரத்தில் தூக்கி வைத்திருந்தோம். ஒருவர் காணி உறுதிப் பத்திரத்தை, ஒருவர் அரிசி மூடையை. நான் கணினியை வைத்தேன்.

என் முதல் கடை சாய்ந்தமருதுவில், கடலோரத்தில், வீட்டோடு சேர்ந்து இருந்தது. கடையையும் வீட்டையும் உள்ளே இருந்த என் மனைவியையும் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். நானும் முன்வரிசையில் நின்று தொழுதேன். தொழுதுவிட்டு வெளியே வந்ததும், நின்ற சனத்துக்குள் அவளைத்தான் தேடினேன்.

வடக்கில் யுத்தம் முடிந்த அந்த வெயில் காலத்தில், பாண்டிருப்பிலிருந்து ஓர் அக்கா தினமும் வரத் தொடங்கினார். அவருடைய ஒரே மகன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். சுவிசில் இருந்த அவருடைய தம்பி, உயிரோடு வெளியே வந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குப் போகுமுன் இணையத்தில் அழைப்பார். எங்களுக்கு அப்போது உச்சி வெயில். நான் ளுஹர் தொழுதுவிட்டு வரும்போது அக்கா மூலைக் கதிரையில் காத்திருப்பார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் கேட்பார். அதனால் அந்தக் குடும்பத்துக் கதையெல்லாம் எனக்கும் பாடம்.

அழைப்பு ஒருநாளும் முழுதாக முடியவில்லை. தம்பிக்காரர் சுகம் விசாரிப்பார், பிள்ளைகளின் படிப்பைச் சொல்வார், குளிரைத் திட்டுவார். சுற்றிவளைத்து மகனின் கதைக்கு வரும்போது இணைப்பு அறுந்துவிடும். திரும்ப வரும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார்.

"பாத்தீங்களா தம்பி, அவன்ட பேரச் சொல்லக்குள்ளதான் அறுகிது," என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கவனித்துப் பார்த்தேன். அப்படித்தான் நடந்தது. சிரிப்பு போய்விட்டது.

என் உம்மா இதைக் கேட்டுவிட்டு, "கடல்ல போனவங்கட ரூஹு சுத்துது மனே, ஒருத்தரக் கூட்டி வந்து ஓதிப் போடு," என்றார். "ரூஹுக்கு வயர் புடுங்கிறதா உம்மா வேல?" என்று பகிடி பண்ணினேன். உள்ளுக்குள் பயம்தான். என் மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அணைத்துவிடுவாள். யாரோ ஒருவரின் சாவைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். இப்போதும் அவள்தான் அணைக்கிறாளோ என்று நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் நினைத்தேன்.

தட்டில் இருந்த அந்தக் கணினி ஒரு நிவாரண அலுவலகம் மூடப்பட்டபோது எனக்குக் கிடைத்தது. அதன் நெட்வேர்க் கார்ட் பெரிய இடங்களில் போடுகிற வகை. அதற்குள்ளேயே ஃபேர்ம்வெயார் என்ற சின்ன மென்பொருள் தனியாக ஓடும். கணினி பக்கத்திலிருந்து அதோடு பேசுவது டிரைவர். டிரைவரின் பதிவில் இணைப்பு போனதும் வந்ததும் மட்டும் இருந்தன. ஏன் போனது என்பது கார்டுக்குத்தான் தெரியும். அது தன் பாட்டில் எதையும் சொல்லாது. சொல்லச் சொல்லி அமைத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் அவசரத்தில் எல்லாவற்றையும் சொல் என்று பதிவை முழு மட்டத்தில் திறந்துவிட்டேன். திரை நிற்காமல் ஓடியது. வந்த ஒவ்வொரு சிறு தரவுப் பொட்டலத்தைப் பற்றியும் கார்ட் கதை சொன்னது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு பகுதியாக வாயை அடைத்து, இணைப்பையும் கார்டின் உடல்நிலையையும் கவனிக்கிற பகுதிகளை மட்டும் பேசவிட்டேன். மறுநாள் உச்சியில் அழைப்பு அறுந்ததும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். சூடு எல்லை மீறியதால் கார்ட் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதாகப் பதிவு சொன்னது. தலைக்குமேல் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. தம்பிக்காரர் சுற்றிவளைத்து மகனின் கதைக்கு வருவதற்குள் கார்டின் சூடு எல்லையைத் தொட்டுவிடும்.

ஆவியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடலுக்குப் பயந்து வெயிலின் வாயில் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஏணியிலேயே நின்று அழுதேன். அறுத்தது அவள் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று பின்னேரமே கணினியைக் கீழே இறக்கி, மேசைக்கடியில் சீமெந்துத் தரையில் வைத்தேன். அடுத்த நாள் அக்காவிடம், "இனி அறுகாது அக்கா," என்று பெருமையாகச் சொன்னேன்.

அறுகவில்லை. தம்பிக்காரர் சுகம் கேட்டார், பிள்ளைகளைச் சொன்னார், குளிரைச் சொன்னார். பிறகு, "அக்கா, அவன் இல்லக்கா," என்றார். கூட இருந்த பொடியன் ஒருவன் கண்ணால் கண்டிருக்கிறான். கடைசியில் போட்டிருந்த சேர்ட்டின் நிறம் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவன் சொல்லியிருக்கிறான். ஒரு சொல்லும் விடுபடாமல் தெளிவாகக் கேட்டது. அந்தக் கார்ட் அவ்வளவு நன்றாக வேலை செய்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அக்கா அழவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் கதிரையிலேயே இருந்தார். குனிந்து மேசைக்கடியில் இருந்த கணினியைப் பார்த்தார்.

"ஏன் தம்பி இதக் கீழ எறக்கினீங்க?"

காரணத்தைச் சொன்னேன். தகரத்தை, சூட்டை, கார்ட் தானாக நிற்பதை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மேல இரிந்தா அறுந்திருக்கும், என்ன?"

"ஓம் அக்கா."

"மறுகா மேலேயே வெச்சிருங்க தம்பி."

தொழில் தெரிந்த எவனும் செய்யமாட்டான். நான் செய்தேன். ஏணியைச் சாத்தி, கணினியைத் தோளில் சுமந்து ஏறி, பழைய தட்டிலேயே வைத்தேன். திறந்துவிட்ட பதிவையும் அணைத்தேன்.

மறுநாள் உச்சியில் அக்கா வந்தார். பாண்டிருப்பில் அவர் யாருக்கும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது வழமைபோல் தனியாக வந்ததிலேயே தெரிந்தது. தம்பிக்காரர் அழைத்தார். சுகம் கேட்டார். "அக்கா, கிரியை செய்ய வேணும்தானே, அவன்ட..." என்று தொடங்கினார். அறுந்தது.

அக்கா மேலே தகரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கும் வெயில் இரிக்குமா தம்பி?"