திறந்த கோலும் குனிந்த மாமாவும்

பிள்ளைகளே, ஒரு கேள்வி. பந்து உங்கள் காலடியில் இருக்கிறது. கோலுக்குள் ஒருவரும் இல்லை. என்ன செய்வீர்கள்?

அடிப்பீர்கள். நானும் அடிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை சீசா மைதானத்தில் ஒருவர் அடிக்கவில்லை. அவர் என் மனைவியின் தம்பி, அன்ரன்.

அன்ரன் மன்னாரில் இருந்து இங்கே இத்தாலிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே உதைபந்தாட்டத்தில் பெயர் எடுத்தவர். முன்வரிசை ஆட்டக்காரர். இங்கே லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை கிடைத்தது. ஜன்னல் கண்ணாடி துடைக்க வேண்டும், நாயை உலாத்தக் கூட்டிப் போக வேண்டும். "அந்த நாய்க்கு விளங்கிற இத்தாலியன்கூட எனக்கு விளங்குதில்லை அத்தான்" என்று ஒருநாள் சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேலையால் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

அப்போதுதான் மிஸ்டர் வந்தார். இங்கே அணியைப் பழக்குகிறவரை 'மிஸ்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். சந்தியில் அன்ரன் பந்து தட்டுவதைக் கண்டுவிட்டு, அணியினர் போடும் நீல நிறச் சேட் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விளையாடட்டும், சரியாக விளையாடினால் சேட் அவருக்கே என்றார்.

அன்று அன்ரன் இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார்.

பழகப் போன முதல் நாட்களில் வந்து வந்து கதை சொல்வார். "பந்தைத் தவறவிட்டா அம்மா அப்பாவையெல்லாம் இழுத்து ஏசீனம். ஆட்டம் முடிய வந்து ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சீனம். இதிலை எதை அத்தான் நம்பிறது?"

"ரெண்டையும் நம்பு" என்றேன். வேறென்ன சொல்வது... எனக்கும் அது இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிறு வந்தது. இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் அடித்திருந்தன. ஆட்டம் முடியப் போகிறது. அன்ரன் பந்தோடு ஓடுகிறார். எதிரணிக் கோல் கீப்பர் — அலுமாரி போல ஒரு மனிதர் — காலடியில் பாய்ந்து விழுகிறார். அன்ரன் அவருக்கு மேலால் பாய்கிறார். பந்து முன்னே உருளுகிறது. கோல் திறந்து கிடக்கிறது.

ஆனால் பாய்ந்தபோது சப்பாத்து அந்த மனிதரின் தலையில் உரசிவிட்டது.

அன்ரன் நின்றார். திரும்பினார். குனிந்து அந்தத் தலையைத் தொட்டு, விரல்களை நெற்றிக்கும் உதட்டுக்கும் கொண்டுபோனார்.

நீங்கள் என்ன செய்வீர்கள்? யாரிலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடு என்றுதானே வீட்டில் பழக்கியிருக்கிறோம். ஆட்டத்தில் காலோடு கால் படுவதை மன்னாரிலும் யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் இது தலை.

அதற்குள் வேறொருவர் ஓடிவந்து பந்தை வெளியே அடித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். கீழே கிடந்த கீப்பர் அன்ரனை விழித்துப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மிஸ்டர் கையைக் காட்டி அன்ரனை வெளியே கூப்பிட்டார்.

என் மகள் மெர்சி என் பின்னால் ஒளிந்தாள். "அப்பா, என்ரை கிளாஸ் பெடியள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிக்கினம். வெட்கமாக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து அன்ரன் சேட்டைத் தானே தோய்த்தார். மறுநாள் அயன் பண்ணி மடித்தார், திருப்பிக் கொடுக்க.

"இனி அப்பிடிச் செய்யமாட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லன்" என்றேன். "சேட் உனக்குத்தான்."

"எப்பிடிச் சொல்லுறது அத்தான்? யோசிச்சோ செய்தனான்? கை தன்ரை பாட்டிலை போனது. நாளைக்கும் போகும்."

"அப்ப உன்னை விளையாட விடமாட்டினம்."

"ஓம்" என்றார்.

பின்னேரம் மூவரும் மிஸ்டர் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடைக்குப் போனோம். மொழிபெயர்க்க மெர்சி. மிஸ்டர் சேட்டை வாங்கவில்லை. கையெல்லாம் எண்ணெய். அந்த ஆளுக்கு நீ என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார். மெர்சி விளக்கினாள் — கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம், அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்று.

மிஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னவாம்?"

"அப்பா, இஞ்சை கோயில்லை புனிதர்களின்ரை சுரூபத்தைத் தானே அப்பிடித் தொட்டு முத்தமிடுறது. அந்தக் கீப்பர் நேற்றிலை இருந்து எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரியிறாராம்... தான் செத்துப் போனனோ, இல்லாட்டிப் புனிதர் ஆகிட்டனோ எண்டு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்ரன் சிரிக்கவில்லை. மிஸ்டரும் நிறுத்திவிட்டு இன்னொன்று கேட்டார்: இனியும் செய்வானா?

மெர்சி என்னைப் பார்த்தாள். 'நோ' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நானும் கண்ணைக் காட்டினேன். அன்ரன் கண்டுவிட்டார்.

"மெர்சி, உள்ளதைச் சொல்லு."

"சி" என்றாள் மெர்சி. "செய்வார்" என்று தமிழிலும் ஒருமுறை சொன்னாள், எனக்காக.

மிஸ்டர் கன்னத்தைச் சொறிந்தார். கன்னத்திலும் எண்ணெய். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"மாமா, உங்களைப் பின்னுக்கு நிக்கட்டாம். கோலடிக்கிற வேலை வேண்டாமாம், கோலடிக்க வாறவையை மறிக்கட்டாம். அங்கை நிண்டா ஆரையும் தொட்டுக் கும்பிட நேரம் இருக்குமாம்."

மன்னாரில் கோலடித்துப் பெயர் எடுத்தவர். "பின்னுக்கோ?" என்று மடித்த சேட்டைப் பார்த்துக் கேட்டார். பிறகு விரித்து, போட்டிருந்த உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொண்டார். மிஸ்டர் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அயன் பண்ணின சேட்டில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

பிள்ளைகளே, வெளியில் இத்தாலியர் மாதிரி நடவுங்கள் என்று உங்களுக்கும் மெர்சிக்கும் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒரு சின்னப் பொய்தானே, சொல்லிவிட்டால் வழி திறக்கும் என்றுதான் நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னாலும் நிற்க ஓர் இடம் கிடைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்வரிசை கிடைக்கவில்லைதான். அது அன்ரனுக்குச் சின்ன இழப்பு இல்லை. ஆனால் இப்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

இந்த ஞாயிறும் ஆட்டம் இருக்கிறது, வாருங்கள். எதிரணிக்காரர் விழுந்தால் பயப்படாதீர்கள் — தொட்டுக் கும்பிட எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார்.