எலிகளுக்குக் கொடுத்த மருந்து

அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஐம்பது தாண்டியும் பையன்களோடு மைதானத்தைச் சுற்றி ஓடுவார். முதலில் வறட்டு இருமல் வந்தது. மைதானத்துத் தூசி என்று சொல்லி அதை விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறி வந்தவர் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலின் அடிப்பகுதி தேன்கூடு போலிருந்தது. நுரையீரல் தழும்பு நோய். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்லும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நோயைத்தான். இன்டெக்ரின் என்றொரு புரதக் குடும்பம் இருக்கிறது. செல்கள் தங்களைச் சுற்றியுள்ளவற்றைப் பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள். அவற்றில் ஒன்றுதான் நுரையீரலில் தழும்பு உண்டாவதைத் தூண்டுகிறது. அதை மட்டும் அடைத்துவிட்டால் தழும்பு பரவாமல் நிற்கலாம். அப்படி அடைக்கும் ஒரு மருந்தை எங்கள் குழு உருவாக்கி, எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

இதை அண்ணனிடம் சொன்னது நான்தான். இப்போதுள்ள மாத்திரைகள் நோயின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆறுதல் சொல்ல வேறெதுவும் என்னிடம் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து தல்லாகுளத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். மதினி அடுப்படியில் இருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "எலிக்குக் குடுக்கிறத எனக்கும் குடு பாப்பா," என்றார்.

அது மனிதர்களுக்கு வருமுன் எத்தனை சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்று வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன ஆனாலும் நீ பொறுப்பில்லைனு எழுதித் தாரேன். எப்படியும் போறவன்தானே."

"தர மாட்டேண்ணே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அந்த மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன். கைப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைத்தேன். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

எலிகள் சாகத் தொடங்கின. அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ரத்தம். ஒரே குடும்பத்துப் புரதங்களுக்குள் சாயல் ஒன்றுபோல் இருக்கும். நாங்கள் குறிவைத்ததோடு சேர்த்து, ரத்தம் உறைய உதவும் இன்னொன்றையும் எங்கள் மருந்து அடைத்திருந்தது. சோதனையை நிறுத்தினோம்.

அதைச் சொல்ல, அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அம்புட்டும் செத்துருச்சா?"

"பாதிக்கு மேல செத்துருச்சுண்ணே."

பிறகு முகமூடியை விலக்கி, "அதுகளுக்கு வலிச்சிருக்குமா?" என்றார். தெரியவில்லை என்று பொய் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்; கோபம் போய்விட்டதென்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்தக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தியே."

எலிகள் செத்த கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எலி வேற, மனுசன் வேற," என்றார்.

எங்கள் துறையில் நாங்களே அடிக்கடி சொல்வதுதான் அது. எலிக்கு ஆகாத மருந்து மனிதனுக்கும் ஆகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கொடுத்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதை நிரூபிக்கவும் வழியில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். மதினி எல்லோருக்கும் தன் கையால் பரிமாறினார். என் தட்டை மட்டும் தன் தங்கையிடம் கொடுத்தனுப்பினார்.