பாதி விலைப் புதன்கிழமை

பெங்களூருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் புதன்கிழமைகளில் ஒயின் ருசி பார்ப்பது பாதி விலை. இதைக் கண்டுபிடித்தவர் என் மாமனார். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். கேட்டைத் திறந்துவிடும்போது காரில் போகிறவர்கள் பேசிக்கொள்வதில் தனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்.

இரண்டு முறை சேர்ந்து போனோம். மூன்றாவது முறைதான் இந்தக் கதை. மாமனாரும் மருமகனும் ஒன்றாகக் குடிக்கலாமா என்று யாராவது கேட்டால் எங்களிடம் பதில் தயாராக இருந்தது: அது குடிப்பது இல்லை, ருசி பார்ப்பது.

சிக்கனத்தில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், பிறகு ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கக்கூஸ் கதவுக்குக் காவல் உட்கார்ந்து பெங்களூரு. தங்குவது மாமனாரின் வாட்ச்மேன் அறை. தோட்டத்துக்கு டவுன் பஸ், இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து கிளாஸ். இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். "எனக்கு வயித்துப் புண்ணும்மா, மாப்ளைக்கு மட்டும் ஊத்து" என்பார் மாமனார். ஊற்றிக் கொடுக்கும் பெண் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வயிற்றுப் புண் ஆறிவிடும்.

அந்தப் பெண் ஓசூர்க்காரி. நன்றாகத் தமிழ் பேசுவாள். கிளாஸைக் காம்பில் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும், ஒரு வாய் வைத்துவிட்டு வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தாள்.

"துப்புறதுக்கா மாப்ள ரயிலேறி வந்த?" என்று மாமனார் என் காதருகே கேட்டார்.

"இன்னா வாசனை வருது சொல்லுங்க சார்" என்றாள் அவள், என்னைப் போலவே பேசிக் கிண்டல் செய்து. பக்கத்து மேஜைக்காரர்கள் எலுமிச்சை என்றார்கள், பச்சை ஆப்பிள் என்றார்கள். நான் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "நனஞ்ச கயிறு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இது பிறவிக் குணம். சாவு வீட்டிலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மாலை போடுவேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை நான் அங்கே இருந்திருக்கக் கூடாது. அந்த மாதம் மாமனாருக்கு லீவு கிடைத்த புதன் அது ஒன்றுதான், ஆனால் அன்று ஏரியில் என் பாடு.

எங்கள் ஊரில் இறால் வலை போட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய்ச் சண்டை போடாமலிருக்க, இன்ன நாள் இன்னார் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். அதற்குத்தான் பாடு என்று பெயர். உன் பாடு நாளில் நீ வராவிட்டால் அது போச்சு. வீட்டில் சாவு, சீக்கு என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது உன் தோணிக்காரன், அதாவது உன்னோடு ஒரே தோணியில் வரும் கூட்டாளி, உன் வேலையையும் சேர்த்துச் செய்வான், உன் பங்கு உன் வீட்டுக்கு வந்துவிடும். இதை யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை. சீக்கு என்று எவனாவது பொய் சொல்வான் என்று எங்கள் முன்னோர்களுக்குத் தோன்றவே இல்லை. நான் பிறப்பேன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, பெங்களூரில் மாமனாருக்கு நெஞ்சு வலி என்றேன். ஊர்ப் பெரியவர், "போய் மொதல்ல அவர கவனிப்பா, ஏரி எங்க போவுது" என்றார். என்னோடு தோணியில் வருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து கூட வருகிறவன். என் தோளைப் பிடித்து, "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்றான். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. "ஐயோ நைனா" என்று அழுதுகொண்டிருந்த மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அழுகை நின்றது. என்னோடு பேச்சும் நின்றது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தேன். சட்டையில் சுற்றிய ஒரு சின்ன ஒயின் பாட்டில் பையில் இருந்தது. வாசலில் என் பங்கு இறால், ஐஸ் போட்டு, சாக்கு மூடி வைத்திருந்தது. கொண்டு வந்த என் தோணிக்காரன் வலது கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தான். இரண்டு ஆள் இழுக்கும் வலையை ஒற்றை ஆளாக இழுத்திருக்கிறான். உள்ளே கெளுத்தி மீன் இருந்ததைக் கவனிக்கவில்லை. முள் ஆள்காட்டி விரலில் ஏறி, மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

"அத வுடு. மாமா எப்டி கீறாரு?" என்றான்.

"பரவால்ல" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாடு விஷயத்தில் பொய் சொன்னவனோடு இங்கே யாரும் தோணி ஏற மாட்டார்கள். ஊர் எவ்வளவு அபராதம் வேண்டுமானாலும் போடட்டும், கட்டிவிட்டு ஒரு ஜோக் அடித்துவிடுவேன். அவன் ஏறாவிட்டால் எனக்குத் தோணி எதற்கு? அதனால் வாயை மூடிக்கொண்டேன். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். அதற்கு அவன் நன்றி வேறு சொன்னான்.

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். நண்டு சாப்பிட ஆசை வந்தால் அப்படித்தான் வருவார். நான் கட்டிய கதை அவருக்குத் தெரியாது. எனக்கு முன்னால் என் தோணிக்காரன் ஓடிப்போய், இடது கையால் அவர் பையை வாங்கிக்கொண்டான்.

"வாங்க மாமா. நெஞ்சு இப்ப எப்டி கீது? ஏன் அலையறீங்க?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் கேட்டில் நின்று முகம் படித்தவர் அல்லவா, ஒரு நொடி போதும். மெல்ல இருமி, கையை நெஞ்சில் வைத்தார். வலது பக்கம் வைத்தார். பிறகு யோசித்து இடது பக்கம் மாற்றினார்.

அடுத்த கால் மணி நேரத்தில் தெரு முழுக்க எங்கள் வீட்டில். "நண்டு குடுக்காதீங்கமா, சூடு" என்றாள் ஒருத்தி. "எண்ண பக்கமே போவக்கூடாது" என்றாள் இன்னொருத்தி. யாரோ நொய்க் கஞ்சி கொண்டுவந்தார்கள். அடுப்பில் நண்டுக் குழம்பு கொதிக்கிற வாசனையில் மாமனார் நிஜமாகவே நோயாளி போல ஆகிவிட்டார். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் திட்டாத மனிதர். அன்றும் திட்டவில்லை.

சாப்பாட்டுக்குத் தோணிக்காரனையும் உட்கார வைத்தோம். என் மனைவி அவனுக்கு நண்டைப் பரிமாற வந்தாள். அவன் கையை நீட்டித் தட்டை மறைத்தான். "பெரியவரு கஞ்சி குடிக்கறப்ப நான் எப்டி நண்டு துன்றது? எனக்கும் கஞ்சியே ஊத்து தங்கச்சி."

அவளும் ஊற்றினாள். பிறகு இருந்த நண்டையெல்லாம், ஒன்று விடாமல், என் தட்டில் கவிழ்த்தாள்.

சிரிக்க வேண்டிய இடம் அது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஊர் முழுக்க நடித்துக் காட்டியிருப்பேன். ஒரு பக்கம் இல்லாத நோய்க்குப் பத்தியம் இருப்பவர், இன்னொரு பக்கம் இடது கையால் கரண்டி பிடித்து அவருக்குத் துணைப் பத்தியம் இருப்பவன், நடுவில் மலை போல் நண்டோடு நான். நண்டுக் காலை உடைத்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இரண்டாவது காலை உடைக்க முடியவில்லை.

அடுத்த பாடு எட்டு நாள் கழித்து வந்தது. விடிந்து கொஞ்ச நேரம். தண்ணீர் இடுப்பளவு. வலையைக் கட்டக் கழிகளை ஊன்றிக்கொண்டிருந்தோம். அவன் விரல் வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. கயிற்றுக்கு முடிச்சுப் போட மூன்று முறை முயன்றான். நான் வாங்கிப் போட்டேன். போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, புதன்கிழமை, தோட்டம், ஐந்து கிளாஸ்.

அவன் சிரித்தான். "வெளாடாதடா" என்றான்.

இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் அல்லவா. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை சிரிப்பு வரும்படி ஒரு சொல்லும் போடாமல் சொன்னேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை, நாக்கு தடுக்கியது. அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கையை நீட்டித் தோணி விளிம்பைப் பிடித்தான். அப்படியே தோணியில் ஏறி, என்னை இடுப்பளவுத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா இருந்துச்சா?" என்றான்.

கிண்டலா என்று பார்த்தேன். இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஒரே புளிப்பு, குமட்டியது, துப்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் சௌகரியம்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

தலையை ஆட்டினான். அடுத்த கழியை எடுத்து, நான்கு விரலால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் நீட்டினான்.

"புடி" என்றான்.