பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும்

பொன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு சொல்லை எந்தப் பலகையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். அது 'பொது' என்ற சொல். அவர் பொறுப்பில் இருந்த பேட்டரி அறையின் கதவில், 'பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. அதை யாரோ ஒருமுறை படித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அயனம்பாக்கம் ஏரியின் பின்பக்கக் கரையில் இருக்கிறது அந்த இருளர் குடியிருப்பு. நாற்பது குடிசை தேறும். நிலம் ஏரிப் புறம்போக்கு, அதனால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் இல்லை. எதிர்க்கரையில் அடுக்குமாடிகள் விடிய விடிய எரியும், அந்த வெளிச்சம் தண்ணீரில் மிதந்து வந்து இவர்கள் வாசலில் நிற்கும். உள்ளே வராது. எப்போதோ ஒரு நிதியில் கட்டிய சமுதாயக் கூடம் மட்டும் அங்கே உண்டு. கட்டடத்துக்குப் பட்டா வேண்டியதில்லை போலிருக்கிறது, மனிதர்களுக்குத்தான் வேண்டும்.

பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் சூரிய மின்சாரம் என்று அரசு நிதி ஒதுக்கியபோது, அந்தக் கூடத்துக் கூரையில்தான் பலகைகள் ஏறின. தெருவில் விளக்குகள் நட்டார்கள். கூடத்துக்குள் ஒரு ஃபேன், ஒரு விளக்கு, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக். பக்கத்தில் பேட்டரிக்குச் சின்ன அறை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பொருத்த வந்தவர்கள் கேட்க, ஊரே பொன்னியம்மாவைக் காட்டியது. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் காரம்.

நான் வேலப்பன்சாவடி ரோட்டில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல், கட்டி, கர்ப்பம் எதுவானாலும் அவர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள், டாக்டர் அப்புறம். அப்படித்தான் எனக்குப் பொன்னியம்மாவைத் தெரியும். செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலையில், அப்பா வாங்கிய முன்பணத்துக்காக நெல் துழாவிக்கொண்டே வளர்ந்தவர். யாரோ அதிகாரிகள் வந்து மீட்டுவிட்ட பிறகுதான், தன் இஷ்டத்துக்கு ஒரு கதவைத் திறந்து வெளியே போகலாம் என்பதே தெரியும் என்பார். அதனாலோ என்னவோ, தன் கைக்கு வந்த சாவியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர், தலைவர் பிறந்தநாளுக்கு மைக் செட் போட கூடத்திலிருந்து கரன்ட் கேட்டார்.

"இன்னா எயுதிகீது அங்க, பாரு நைனா. பொது. உங்க தலைவரு பொறந்ததுல எனுக்கு இன்னா பங்கு? போய் ஜெனரேட்டர் வச்சிக்க."

சொந்தத் தங்கை மகள் மஞ்சள் நீராட்டுக்கு சீரியல் லைட் கேட்டபோதும் அதே பதில்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று ஊரில் திட்டினார்கள். கொஞ்ச நாள் 'பூசாரியம்மா' என்றே கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை.

அவர் புருஷன் வீராசாமி, மண்ணூர்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தவர். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் தேய்த்தெடுக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். பதினைந்து வருடம் அந்தத் தூசியை மூச்சாக இழுத்தார். பிறகு இருமல், பிறகு இளைப்பு, பிறகு பத்தடி நடந்தால் உட்கார வேண்டிய நிலை. நுரையீரல் கல்லாகிவிட்டது, இனி ஆக்சிஜன் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பட்டறையில் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அறக்கட்டளையில் பேசி, காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை இரவலாக வாங்கினேன். ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போய் குடிசைக்குள் வைத்து, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிறேன். பிளக் இல்லை. அந்தக் குடிசைக்குக் கரன்ட்டே கிடையாது என்பது, எத்தனையோ முறை அங்கே போய் வந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த லட்சணத்தில் நான் ஊருக்கு மருந்து விற்கிறேன்.

"அதனால என்ன, கூடத்துல பிளக் இருக்கே. சாவி உங்க இடுப்புலதானே இருக்கு?" என்றேன்.

"கீது அண்ணாத்தே. அது பொதுவுக்குக் கீது."

"ஊர்ல கேளுங்க. மாட்டேன்னா சொல்லுவாங்க?"

"எல்லாருக்கும் இல்லன்னு சொன்ன வாயி. இப்ப இன்னான்னு கேக்கறது?"

கேட்கவில்லை. வீராசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். மெஷின் ஒரு மூலையில் சேலை போர்த்திக்கொண்டு கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நியாயம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்குப் பக்கத்து ஆள் மூச்சைப் பணயம் வைக்கிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பக்கத்துக் குடிசை முத்தம்மாள்தான் விஷயத்தை உடைத்தவர். தணல் வாங்க வந்தவர், வீராசாமியின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருப்பதைப் பார்த்துக் கத்திவிட்டார். ஊர் கூடியது. சேலையை இழுத்தால் புத்தம்புது மெஷின்.

"சாவிய இடுப்புல சொருவிக்கினு புருசன சாவடிக்கிறியே, நீ பொம்பளையா?" என்று முத்தம்மாள் கேட்டார். பொன்னியம்மா அழுது அன்றுதான் பார்த்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

வேம்புலி என்ற பையன், முப்பது வயது இருக்கும், வீராசாமி கையைப் பிடித்து அதே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் யாரிடமும் கேட்கவில்லை. "மாமா, கழுத்தக் கட்டிக்க" என்று வீராசாமியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் படுக்க வைத்தான். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வீடு.

பகலில் பிரச்சினை இல்லை, வெயில் இருக்கும்வரை மெஷின் ஓடும். இருட்டிய பிறகு பேட்டரிதான். அதுவோ பழையது. தெருவிளக்கும் எரிந்து மெஷினும் ஓடினால் நடுவிலேயே படுத்துவிடும். ஏதாவது ஒன்றுதான். இதைச் சொல்லப் பொன்னியம்மா ஊரைக் கூட்டினார்.

"ஏரிக்கரையில பாம்பு கீது. கொயந்தைங்க கீது. நீங்க இன்னா சொல்றீங்களோ அப்டி."

முத்தம்மாள்தான் முதலில் பேசினார். "இருளனுக்குப் பாம்பு பயம் இல்லன்னு ஊர்ல நெனச்சிகினு கீறான். பாம்பு புடிக்கிறவனுக்குத்தான்டி அது பல்லு தெரியும்." பிறகு அவரே சொன்னார். "சரி, லைட்ட அமத்து. கோல தட்டிகினு நடக்குறோம்."

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். அந்தக் குடியிருப்பில் எவருக்கும் எதுவும் மிஞ்சியதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் தெருவிளக்குகள் அணைந்தன. ராத்திரி ஒதுங்கப் போகிறவர்கள் கோலால் தரையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

மழைக்காலம் வந்தது. வெயில் குறைந்ததும் மெஷின் விடியும் முன்பே நிற்கத் தொடங்கியது. புது பேட்டரி வந்தால்தான் வீராசாமி அந்தக் கார்த்திகையைத் தாண்டுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்லவேளையாகத் திட்டத்தில் பேட்டரி மாற்றவும் நிதி இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருவார், பார்த்து எழுதினால் வந்துவிடும். ஆனால் இதைப் போனில் சொன்ன, பலகை பொருத்த வந்திருந்த மெக்கானிக் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னான். தனி ஆளுக்குக் கரன்ட் போவது தெரிந்தால், பேட்டரி கெட்டதற்கு ஊர்தான் காரணம் என்று எழுதிவிடுவார்கள், நிதி போய்விடும்.

ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அதிகாரி வந்து போகும்வரை வீராசாமியைக் குடிசைக்கு மாற்றிவிடுவது, மெஷினைப் பாய்க்குப் பின்னால் மறைப்பது. பொன்னியம்மாவுக்கு மனமில்லை. வீராசாமியே சொன்னார், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கி: "ஒரு மணி நேரந்தானே... நான் தாங்குவேன்... பேட்டரி வரட்டும்."

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறது, பூந்தமல்லி தாண்டிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே நேரம் போனது. நானும் கடையை மூடிவிட்டு அங்கேதான் நின்றேன். பொன்னியம்மா கூடத்துக்கும் குடிசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். திரும்பவும் மெஷினை வைத்துவிடலாம் என்றால், அந்த நேரம் பார்த்து ஜீப் வந்துவிடும் என்று பயம்.

மதியம் தாண்டி வந்தவர் மோகனப்பிரியா என்று ஒரு இளம் அதிகாரி. அதட்டுகிறவர் இல்லை. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார், பலகைகளைப் பார்த்தார், பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வி.

"இந்த மின்சாரத்த தனிப்பட்ட முறையில யாராவது பயன்படுத்துறாங்களா?"

வேம்புலி "இல்ல மேடம்" என்று முந்திக்கொண்டான். ஊரே தலையாட்டியது. பொன்னியம்மா கதவில் இருந்த நீல எழுத்தைப் பார்த்தார்.

"பயன்படுத்துறோம்மா. என் ஊட்டுக்காரருதான். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு அங்க ஊட்ல மூச்சு இல்லாம போட்டு வச்சிகீறோம். மொத அவர இட்டுகினு வர்றேன். அப்பால நீங்க இன்னா வேணா எயுதிக்கினு போங்க."

சொல்லிவிட்டு யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓடினார். வேம்புலி அவருக்கு முன்னால் ஓடினான். தூக்கி வந்தபோது வீராசாமியின் தலை தொங்கியது. மெஷினை இழுத்துப் போட்டு, குழாயை மூக்கில் சொருகி, பிளக்கை மாட்டினார்கள். அது உறுமத் தொடங்கியது. மோகனப்பிரியா கையில் பேனாவோடு நின்று, ஒரு மனிதனுடைய உதட்டுக்கு நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைக் காட்டி மெல்லச் சொன்னார். "விதி இதுதாங்க. பொதுவுக்கு மட்டும்தான் குடுக்க முடியும். நான் என்ன செய்யறது?"

"அவரு எங்களுக்குப் பொதுதான் மேடம்" என்றான் வேம்புலி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் கிண்டலாகச் சொல்லவும் இல்லை. முத்தம்மாள் முன்னால் வந்தார். "ஆமாம்மா. தெரு லைட்டெல்லாம் அமத்திட்டுத்தான் அவருக்கு வுட்டுகினு கீறோம். ஊர்ல எல்லாரும் குடுத்தது எப்டி தனி ஆளுதாவும்?"

மோகனப்பிரியா, அவருக்கு என்ன வியாதி, எதனால் வந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "இவரு வேலை பார்த்த எடத்துல இந்த ஊர்க்காரங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் தயங்கி ஆறேழு கைகள் உயர்ந்தன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: 'சமுதாயக் கூடத்தில் மருத்துவ உபகரணம் ஒன்று பொதுப் பயன்பாட்டில் உள்ளது. அதற்கேற்பத் திறன் கூடிய பேட்டரி தேவை.'

அரசாங்கக் காகிதத்தைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம். அன்றைக்குச் சொன்னேன்.

பேட்டரி தை மாதம் வந்தது. அதுவரை வீராசாமியை இழுத்துப் பிடித்தது பொன்னியம்மாவின் பிடிவாதம்தான், மருந்தில்லை. பிறகு தெருவிளக்கும் எரிந்தது, மெஷினும் ஓடியது. இரண்டும் சேர்ந்து ஓடுவதை வீராசாமி படுத்த இடத்திலிருந்தே வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆடி பிறப்பதற்கு முன்னால், பகல் வேளையில், கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சுக்காகத் தவித்துச் சாகவில்லை என்பதைப் பொன்னியம்மா வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அது ஒன்றுதான் அவர் கேட்டது, அது கிடைத்தது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, அறக்கட்டளையில் மெஷினைத் திருப்பிக் கேட்டார்கள். வேறு ஊரில் யாருக்கோ வேண்டுமாம். எனக்குப் போகவே கூச்சமாக இருந்தது. போனேன். மெஷின் கூடத்தில் அதே இடத்தில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பொன்னியம்மா பக்கத்தில் ஒரு பாயைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தார்.

"எட்த்துகினு போவாத அண்ணாத்தே. இங்க வோணும்."

"யாருக்கும்மா?"

அவர் தெருப் பக்கம் பார்த்தார். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்துகொண்டிருந்த வேம்புலி, குடியிருப்புக்குள் நுழைவதற்கு முன்னால் இருக்கும் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வீராசாமி முதன்முதலில் என் கடை வாசலில் அப்படித்தான் உட்கார்ந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேக்கத்தான் வாய் வர்ல" என்றார் பொன்னியம்மா. "நான் கேக்க வைக்க மாட்டேன்."

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, அறக்கட்டளைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்காமலே ஸ்கூட்டரை எடுத்தேன். புங்கமரத்தைத் தாண்டும்போது வேம்புலி என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை உயர்த்தினான். எழுந்து வரவில்லை.